வைப்பர் நின்ற ராத்திரி

புனலூரில் காய்கறியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக் கொண்டிருந்தார் குத்துக்கல்வலசையைச் சேர்ந்த அந்த லோடு வேன் டிரைவர். சனிக்கிழமை என்பதால் எட்டாம் வகுப்பு படிக்கும் மகனும் கூட வந்திருந்தான். ஆரியங்காவு தாண்டியதும் சாரல் வலுத்தது. கோட்டைவாசலை நெருங்கும்போது, கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்த வைப்பர் பாதியில் அப்படியே நின்றுவிட்டது.

ஹாரன் அடித்தது, ஹெட்லைட் எரிந்தது. வைப்பர் மட்டும் அசையவில்லை. எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் கண்ணாடியில் வழியும் தண்ணீரில் பட்டு, ரோடு முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. கீழே புளியரை எஸ் வளைவு காத்திருக்கிறது. ஓரங்கட்ட இடமில்லாததால், ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, ஊர்ந்து ஊர்ந்து இறக்கினார். "அப்பா, இந்தப் பக்கம் கல்லு வருது" என்று மகன் இன்னொரு ஜன்னலில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தான். அடிவாரத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தியபோதுதான் தன் கை நடுங்குவதைப் பார்த்தார். அங்கே நின்ற லாரிக்காரர் ஒருவர் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்துவிட்டார். தண்ணீர் திட்டுத்திட்டாக நிற்காமல் பரவி ஓட, ஓரளவு ரோடு தெரிந்தது. வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் ஃபியூஸைப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. "மோட்டார் போயிருக்கும்" என்றார்கள். பழைய மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டினார். ஓடியது. ஆனால் சுவிட்சை அணைத்தால், வைப்பர் கீழே வந்து படுக்காமல் கண்ணாடியின் நடுவிலேயே நின்றது. ஓடுகிறதே, போதும் என்று விட்டுவிட்டார். ரெண்டு நாள் கழித்து, அடுத்த சாரலில் அதுவும் நின்றது.

அப்போதுதான் ஊரில் ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை பார்த்து ஓய்ந்திருந்த ஓர் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுபோனார். அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி மோட்டாரைப் பற்றியதே இல்லை. "சமீபத்துல வண்டிக்கு என்னடே வேலை பார்த்த?"

"எஃப்.சி.க்காக பெயின்ட் அடிச்சேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே மீட்டரை எடுத்தார். சுவிட்சைப் போடச் சொல்லி, மோட்டாருக்கு வரும் வயரில் ஒரு முனையையும் பேட்டரி நெகட்டிவில் மறுமுனையையும் வைத்தார். 12 வோல்ட் வந்தது. கரன்ட் வருகிறது, மோட்டார் ஓடவில்லை. அடுத்து, மோட்டாரின் உடம்பில் ஒரு முனை, பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை. அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியதோ 9 வோல்ட்டுக்கு மேல்! மோட்டாரின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு வயரை நேராக இழுத்ததும் வைப்பர் சரசரவென்று ஆட ஆரம்பித்தது.

கோளாறு எர்த்தில். இந்த வகை வண்டியில் வைப்பர் மோட்டார், தன்னைத் தாங்கும் போல்ட் வழியாகத்தான் பாடியைத் தொடுகிறது. அதுதான் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. அந்த இடத்தில் பெயின்ட் ஏறி, சாரல் தண்ணீர் இறங்கி, துருவும் பிடித்திருந்தது. பழைய மோட்டாரை மாற்றியபோது போல்ட் உரசியதில் கொஞ்சம் இரும்பு வெளியே தெரிந்தது. அதனால் ரெண்டு நாள் ஓடியது. முதல் மோட்டார் கெட்டுப்போகவே இல்லை! பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தால் ஜம்மென்று சுற்றியது.

சரி, நடுக்கண்ணாடியில் ஏன் நின்றது? வைப்பர் மோட்டாருக்குள் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. நாம் அணைத்த பிறகும், பிளேடு கீழே வந்து படுக்கும்வரை அதுதான் கரன்ட் கொடுக்கும். அதற்கென்று தனியாக ஒரு பாசிட்டிவ் வயர் வேண்டும். வேறு மாடல் மோட்டாரில் வயர் நிறம் ஒத்துவராமல், அந்த ஒரு வயரை மட்டும் இணைக்காமல் விட்டிருந்தார்கள்.

போல்ட் இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்து, பழைய மோட்டாரையே மாட்டி, தனியாக ஓர் எர்த் வயரும் இழுத்து, மேலே கிரீஸ் தடவினார் அண்ணாச்சி. வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஃபைபர் படகில் கார் வைப்பர் மோட்டாரை மாட்டுகிறவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுவார்கள். ஃபைபரில் கரன்ட் பாயாது. எர்த் ஆக இரும்பு பாடி கிடையாது. ஆகவே நெகட்டிவுக்கும் பேட்டரிவரை தனி வயர் இழுத்தே ஆக வேண்டும். உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடித்துவிடும் என்பதால் இணைப்புகளை அடிக்கடி பார்க்கவும் வேண்டும்.

வைப்பருக்கு முதன்முதலில் 1903-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்களில் மேரி ஆண்டர்சன் என்ற பெண் முக்கியமானவர். பனி கொட்டும் நியூயார்க்கில், டிராம் ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்க முடியாமல் திணறியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. அந்தக் கருவியை வாங்க அப்போது எந்த கம்பெனியும் முன்வரவில்லை.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு அண்ணாச்சி சொன்ன மூன்று விஷயங்கள்: ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸோ, செம்புக் கம்பியோ வைக்கக் கூடாது. வயர் எரிந்துவிடும். கம்பிக் கைகளுக்குள் விரலை விடுமுன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். மோட்டாரை வாங்குமுன் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

போன சனிக்கிழமையும் சாரல். மகன் மறுபடி வேனில் ஏறினான். எஸ் வளைவில் வைப்பர் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் இறங்கி முடிக்கும்வரை, அவன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றவே இல்லை.