ஏறியதும் இறங்கியதும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதையைக் காண வருவோர் பெரும்பாலும் பயணிகள் வண்டியையே காண்கின்றனர். எல்லவுக்கு அருகே 1921ஆம் ஆண்டில் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தின்மீது அது ஊர்ந்து வரும் அழகைப் படம் பிடித்தோர் உலகெங்கும் உளர். தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த நமக்கோ வேறொரு வண்டியின்மீதே கண். அது சரக்கு வண்டி. அதில் சன்னலோரத்து முகங்கள் இல்லை, கையசைப்பார் இல்லை. ஆயினும் இப்பாதை எதற்காக அமைந்தது என்பதை அறிய வேண்டுமாயின், அவ்வண்டியையே பார்த்தல் வேண்டும்.

சரக்கு வண்டி கண்ணுக்குப் புலப்படுமுன் காதுக்கு எட்டிவிடும். தலவாக்கலைக்கும் வட்டகொடைக்கும் இடையே வளைவுகளில் அது திரும்பும்போது, ஓசை ஒரு மலையில் எழுந்து மறு மலையில் ஒலிக்கும், சற்றே அடங்கும், பின்னர் எதிர்பாராத பக்கத்தில் மீண்டும் கேட்கும். இப்பாதையின் கடும் ஏற்றங்களில் 44 அடி முன்னேறினால் ஓரடி உயர வேண்டும். பாரம் சுமந்த வண்டிக்கு அது எளிய காரியமன்று. கீழே கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்னே ஓர் எஞ்சின் இழுக்க, பின்னே மற்றோர் எஞ்சின் தள்ளுவதும் உண்டு.

இவ்வேற்றத்தை வெல்வதற்கென்றே 1927இல் ‘கரட்’ என்னும் நீராவி எஞ்சின் வந்தது. ஒரே கொதிகலன், அதன் இருபுறமும் இரு தொகுதிச் சக்கரங்கள். 1954இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா டீசல் எஞ்சின்களை வழங்கியது. ஒன்ராறியோ, அல்பேர்டா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களை அவை தாங்கி வந்தன. எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவற்றுட் சில ஓடியதைக் கண்டு நாம் வியந்திருக்கிறோம். ஒற்றைப் பாதையாதலால், எதிரே பயணிகள் வண்டி வரும்போது சரக்கு வண்டி நிலையத்தில் ஒதுங்கிக் காத்து நிற்கும். பெட்டிகளை எண்ணுவதற்கு நமக்கு வாய்த்த நேரம் அதுவே.

இனி, அப்பெட்டிகளில் இருந்தவை யாவை? இலங்கையில் முதற் புகையிரதம் ஓடியது 1864இல். பாதை கண்டியை அடைந்தது 1867இல். அன்று அதனை வேண்டி நின்றது கோப்பி. ஆனால் அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கிற்று. பாதை நாவலப்பிட்டியைக் கடந்து 1884இல் அட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியபோது, கோப்பிக்குப் பதிலாகத் தேயிலை அதன் பயனை அடைந்தது. பின்னர் 6,200 அடிக்கு மேற்பட்ட பட்டிப்பொலவைத் தாண்டி, 1924இல் பதுளையில் அது முடிவுற்றது.

கீழிறங்கியது தேயிலை. மேலேறியவை அரிசி, மா, உரம், எண்ணெய் முதலியன. ஒரு கூடைக் கொழுந்து கொழும்புத் துறைமுகத்துக்குச் செல்லவும், அதைப் பறித்த கைக்குரிய ஒருபிடி அரிசி அங்கிருந்து வரவும் அப்பாதையே துணை நின்றது. மலைநாட்டு வாழ்வின் வரவுசெலவுக் கணக்கு முழுவதும் அத்தண்டவாளத்தின்மீது ஓடிற்று எனலாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பாலைநிலத்தை அடுத்துத் தெஹாச்சப்பி என்றொரு மலைப்பாதை உண்டு. 1876இல் அமைந்த அதன் சுற்றில், நீண்ட சரக்கு வண்டியின் தலை தன் வாலுக்கு மேலேயே கடந்து செல்லும். அதைக் காண்பதற்கென்றே மக்கள் அங்கு கூடுகின்றனர். நம் தெமோதரையிலோ, பாதை சுற்றிவந்து நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துள் நுழைகிறது. அங்கே மலையைக் குடைந்தோர் சீனத் தொழிலாளர். இங்கே மலைநாட்டுப் பாதைக்கு உழைத்தோருள் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பலர். இரு பாதைகளையும் வியப்போர் நினைக்க வேண்டியவர்கள் அவர்களே அன்றோ?

மலைநாட்டார் புகையிரதத்தைக் கோச்சி என்பர். அச்சொல்லோடு சேர்ந்து ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றொரு பெயரும் நம்மிடையே வழங்குகிறது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என அது வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பங்கிட்டனர். அவ்வாறு பங்கிடப்பட்டோர் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார்த் துறைக்கு வண்டியேறினர். தமையன் இந்தியாவுக்கு, தங்கை இங்கே எனப் பிரிந்தோர் உண்டு. மேடையில் எழுந்த அழுகையே அவ்வண்டிக்குப் பெயராயிற்று.

தேயிலைப் பெட்டியின்மீது தோட்டத்தின் பெயரும், தரமும், நிறையும் எழுதப்பட்டிருந்தன. மக்களுக்கோ ஒப்பந்தத்தில் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. தங்கிவிட்டோருள் நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

தேயிலை இன்று லொறிகளில் இறங்குகிறது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைகளைச் சரித்து இப்பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. கோச்சியின் ஓசையின்றி மலைகள் மௌனமாயிருந்த அந்நாட்களில், நம் முன்னோரின் உழைப்பும் பிரிவும் எத்துணை அதனோடு பிணைந்திருந்தன என்பதை நாம் உணர்ந்தோம்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். பாதையோரத்தில் வாழும் முதியவர் எவரையேனும் அணுகி, இவ்வண்டியில் ஏறியவை யாவை, இறங்கியவை யாவை, போனவர் யாவர் எனக் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தேயிலையின் கணக்கை எழுதி வைக்கப் பலர் இருந்தனர். மக்களின் கணக்கை நாமே எழுத வேண்டும்.