ஒரு கால்புள்ளி செய்த வேலை

வைவாவில் திணறியவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கால்புள்ளியிடம் திணறியவனைப் பார்த்ததுண்டா? அது நான்தான்!

பியூர் டேட்டா என்றொரு மென்பொருள். மில்லர் பக்கெட் என்பவர் 1990-களில் உருவாக்கியது, இலவசம். இதில் புரோகிராமை வரி வரியாக எழுத வேண்டாம். லேபில் பேட்ச் கார்டு சொருகுற மாதிரி, திரையில் பெட்டிகளைப் போட்டுக் கோடு இழுத்து இணைத்தால் ஒலி வரும்.

கண்காட்சி புராஜெக்டில், ஒரு பெட்டியைக் கிளிக் செய்தால் பாட்டி பாடிய தாலாட்டு மெல்ல எழுந்து வரணும் என்பது என் ஆசை. பாட்டி இப்போது இல்லை. அம்மா செல்போனில் பதிந்து வைத்திருந்த குரல் அது. "தாலாட்டு,பாட்டி" என்று ஃபைலுக்குப் பெயர் வைத்ததும் அம்மாதான். வேவ் ஃபைலாக மாற்றினேன். பெயரை மாற்றவில்லை.

மெசேஜ் பெட்டியில் "ஓப்பன்" என்று போட்டு அந்தப் பெயரை அடித்தேன். சத்தமே வரல! இரண்டு பிழைச் செய்திகள்தான் வந்தன. "தாலாட்டு" என்ற ஃபைல் இல்லையாம். "பாட்டி" என்றொரு கட்டளையே தெரியாதாம்!

மெசேஜ் பெட்டியில் கால்புள்ளி என்றால் "இதோடு ஒரு செய்தி முடிந்தது, அடுத்ததை அனுப்பு" என்று அர்த்தம். அது தேவையான வேலைதான். ஒலியளவை 0-வில் வைத்து, பிறகு 3000 மில்லி செகண்டில் 1-க்கு உயர்த்த "0, 1 3000" என்று நானே எழுதியிருந்தேனே!

"டேய், பேரை மாத்திட்டு வேலையைப் பாருடா" என்றான் நண்பன். நியாயமான யோசனைதான். எனக்குத்தான் மனசு வரல.

சேமித்த ஃபைலை நோட்பேடில் திறந்தேன். அதிர்ச்சி! அங்கே கால்புள்ளிக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு பேக்ஸ்லாஷ் இருக்கிறது. அப்புறம் ஏன் உடையுது?

ஒரு ராத்திரி முழுக்க யோசித்த பிறகுதான் புரிந்தது. படிப்பவர்கள் இரண்டு பேர். ஃபைலைப் படிக்கும்போதே அந்த பேக்ஸ்லாஷ் உரிந்துவிடுகிறது. பெட்டிக்குள் வந்து சேருவது வெறும் கால்புள்ளி. பெட்டிக்குச் சொல்ல வேண்டியதைப் பெட்டியிலேயேதான் சொல்லணும். அங்கே கால்புள்ளிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் அடித்தேன். "இது எழுத்துதான், வேலை செய்யாதே" என்று அதற்கு அர்த்தம். பாட்டி பாட ஆரம்பித்தார்.

டாலர் குறி, அரைப்புள்ளி எல்லாமே இந்த ஜாதிதான். டாலர் 1 என்றால் வந்து சேரும் மதிப்பு அங்கே உட்காரும். அரைப்புள்ளி போட்டால் அடுத்த சொல், செய்தி போய்ச் சேரவேண்டிய விலாசமாகிவிடும்.

புதிதாக வைக்கும் ஃபைல் பெயர்களில் நான் இப்போது குறிகளே போடுவதில்லை. ஆனால் ஜூனியர்களுக்கு ஒன்று சொல்வேன்: குறி சரியா தப்பா என்று பார்க்கும் முன், அதைப் படிக்கப்போவது யார் என்று பாருங்கள்.

கண்காட்சிக்கு அம்மா வந்திருந்தார். அந்தப் பெட்டியைத் தானே மூன்று முறை கிளிக் செய்தார்.