இரலையின் சேக்கை

மான் என்னும் ஒரு சொல்லாலேயே நாம் இன்று பல விலங்குகளையும் குறித்துவிடுகின்றோம். பண்டைத் தமிழர் அவ்வாறு செய்தாரல்லர். புல்வாய், நவ்வி, உழை, மரை எனத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். தொல்காப்பியத்தின் மரபியல், புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என்னும் பெயர்களையும், பெண்ணுக்குப் பிணை என்பதனையும், குட்டிக்கு மறி என்பதனையும் வகுத்துரைக்கின்றது. விலங்கு படுத்து இளைப்பாறும் இடத்திற்கும் நம் மொழியில் ஒரு சொல் உண்டு. சேக்கை என்பது அது. பறவையின் கூட்டையும் மனிதரின் படுக்கையையுங்கூட அச்சொல் குறிக்கும்.

இச்சொற்களைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் விளக்கி ஓய்வு பெற்ற எனக்கு, முதிர்ந்த இரலையின் சேக்கை எவ்விடத்தில் அமையும், அதனை எவ்வாறு அறிவது என்று நேரிற் கண்டு தெளிய வேண்டும் என்னும் அவா எழுந்தது. அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நான் வாழ்வது தூத்துக்குடியில். இரலைகள் வாழ்வது அதே மாவட்டத்து வல்லநாட்டில்.

துறைமுகத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் செல்வோர் வல்லநாட்டு மலையைக் காணாமல் இருக்க இயலாது. கட்டபொம்மனின் தளபதியாகிய வெள்ளையத்தேவனின் ஊர் என்று பலரும் அதனை அறிவர். எங்கள் நகரத்தார் பருகும் தாமிரபரணித் தண்ணீர் அப்பக்கத்திலிருந்து குழாய்வழி வருகின்றது என்பதனையும் அறிவர். அம்மலையும் அதன் அடிவாரமும் 1987ஆம் ஆண்டு முதல் வெளிமான் சரணாலயமாக விளங்குகின்றன என்பதனை அறிந்தோர் சிலரே. அதன் பரப்பு ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர். இந்திய நாட்டில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களுள் தென்கோடியில் உள்ளது இதுவே.

வெளிமான் என்றும் புல்வாய் என்றும் வழங்கும் இவ்விலங்கு, புள்ளிமானைப் போன்றதன்று. புள்ளிமானின் கிளைத்த கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இரலையின் கொம்போ கிளைப்பதில்லை, உதிர்வதுமில்லை. அது முறுக்கிக்கொண்டே வளரும். நன்கு முதிர்ந்த இரலையின் கொம்பில் மூன்று நான்கு முறுக்குகளைக் காணலாம். இளமையில் பிணையைப் போலவே வெளிறிய பழுப்பு நிறங்கொண்ட ஆண், வளர வளர முதுகு கருக்கும். வயிறும் கண்ணைச் சூழ்ந்த வளையமும் வெண்மையாக இருக்கும். ஆதலின், நிறத்தையும் கொம்பையும் நோக்கி அதன் பருவத்தை ஒருவாறு மதிப்பிடலாம்.

இதன் காலும் கண்ணுமே இதற்குக் காவல். முகலாய மன்னர் அக்பர், பழக்கிய சிவிங்கிப் புலிகளை ஏவி இதனை வேட்டையாடியதனை வரலாறு கூறும். வேங்கைப் புலியைப் போலப் பதுங்கிப் பாய்வதன்று அச்சிவிங்கி. வெட்டவெளியில் துரத்திப் பிடிப்பது. அவ்வினம் இந்தியாவில் அழிந்துபோயிற்று என 1952இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2022இல் நமீபியா நாட்டிலிருந்து கொணர்ந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விடப்பட்டது. வல்லநாட்டில் அத்தகைய பகை இல்லை. எனினும், தொலைவிலேயே பகையைக் கண்டு ஓடும் பழக்கம் இரலையின் குருதியில் ஊறியது. இதனை மனத்திற் கொண்டால் அதன் சேக்கையைத் தேடும் வழி பாதி விளங்கிவிடும்.

வனத்துறையின் இசைவு பெற்று, ஆனி மாதத்து விடியற்காலை ஒன்றில் அங்குச் சென்றேன். உடன் வந்தவர் அக்காட்டில் நெடுங்காலம் காவற்பணி புரிந்த முதியவர். எழுதப் படிக்க அவர் மிகுதியும் கற்றவரல்லர். ஆயினும் நிலத்தைப் படிப்பதில் அவருக்கு நிகரானவரை நான் கண்டதில்லை. நான் மலையுச்சியை நோக்கி நின்றதனைக் கண்டு அவர் புன்முறுவல் பூத்தார்.

“ஐயா, அங்கே என்ன பார்க்கிறீர்கள்? பாறையில் ஏறி ஒளிய அது வரையாடு அன்று. சரிவு எங்கே முடிகிறது, புல்வெளி எங்கே தொடங்குகிறது, அதைப் பாருங்கள்” என்றார்.

வெயில் ஏறுமுன் இரலைகள் வெளியில் மேயும். வெயில் ஏற ஏற மெல்ல ஒதுங்கும். அவை ஒதுங்கும் திசையைத் தொலைவிலிருந்தே குறித்துக்கொள்வதுதான் முதற்படி. பின்தொடர்தல் கூடாது. மாலையில் அவை எழுந்து வரும் திசையையும் அவ்வாறே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு திசைகளும் கூடும் இடத்தில், குடை விரித்தாற்போன்ற உடைமரம் ஒன்றோ சில பாறைகளோ இருக்கும். அடிவாரத்தில் சற்றே மேடான இடமாகவும் அது இருக்கும். அங்கிருந்து நோக்கினால் எதிரேயுள்ள நிலம் முழுதும் தெரியும். நிழலும் வேண்டும், பார்வையும் மறையக்கூடாது என்னும் இரண்டு தேவைகளுக்கும் அவ்விடமே பொருந்தும்.

காற்றின் திறத்தையும் அவர் கூறினார். எங்கள் கடற்கரையில் மீனவர் மேல்காற்றைக் கச்சான் என்றும், கீழ்காற்றைக் கொண்டல் என்றும், வடகாற்றை வாடை என்றும் பிரித்தறிந்து பாய் விரித்தனர். மலையடியில் இருப்போருக்கும் அவ்வறிவு வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் வல்லநாட்டில் மேல்காற்று வீசும். பகல் வெப்பத்தில் சரிவின் காற்று மேல்நோக்கி எழும். இரவில் குளிர்ந்து கீழிறங்கும். அமெரிக்க நாட்டு மலைகளில் வாழும் வெண்வால் மான், காற்றுத் தன் முதுகுப்புறமிருந்து வருமாறு மேற்சரிவில் படுத்து, பின்னாலிருப்பதை மோப்பத்தாலும் கீழே இருப்பதைக் கண்ணாலும் அறியும் என்பர். நம் இரலை மோப்பத்தினும் கண்ணையே மிகுதியும் நம்புவது. ஆயினும் காற்று வரும் பக்கம் நின்று அதனை நெருங்க நினைப்பவர் அதன் முதுகையன்றி வேறொன்றையும் காணார்.

முதிர்ந்த ஆணின் சேக்கையை மற்றவற்றின் சேக்கையிலிருந்து பிரித்தறிவது எவ்வாறு? பிணைகளும் மறிகளும் கூட்டமாகப் படுக்கும். புல் பல இடங்களில் அழுந்தியிருக்கும். இளைய ஆண்களும் தமக்குள் கூட்டம் சேரும். தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்ட முதிர்ந்த இரலையோ பெரும்பாலும் தனித்திருக்கும். அது தன் எல்லைக்குள் குறித்த சில இடங்களிலேயே மீண்டும் மீண்டும் புழுக்கையிடும். கண்ணருகே உள்ள சுரப்பியின் கசிவைச் செடிகளின் நுனியில் தேய்த்து வைக்கும். அப்புழுக்கைக் குவியலில் பழையன வெளுத்து உதிர்ந்தும், புதியன கருத்துப் பளபளத்தும் கிடக்கும். சில வேளைகளில் அது அக்குவியலின்மீதே படுத்திருப்பதும் உண்டு! மனிதருக்கு அருவருப்பான அவ்விடம் இரலைக்கு அரியணை போலும்.

முதியவர் என்னை அத்தகைய குவியல் ஒன்றினிடம் அழைத்துச் சென்றது, இரலை எழுந்து போனதனை உறுதி செய்துகொண்ட பின்னரேயாகும். படுத்திருக்கும்போது நெருங்குவதை அவர் ஒருபோதும் ஒப்புவதில்லை. நடுப்பகல் வெயிலில் எழுப்பப்பட்ட விலங்கு, நிழலையும் இழந்து, அசைபோடும் ஓய்வையும் இழந்து ஓடும். பெருங்காடாயின் ஓடி வேறிடம் சேரலாம். இச்சரணாலயமோ சிறியது, சுற்றிலும் வயல்கள், ஊர்கள், நாய்கள், இரவும் பகலும் ஓயாத நெடுஞ்சாலை. ஓடும் இரலைக்கு எத்திசையும் நல்ல திசையன்று. வெளிமானை வேட்டையாடுதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெருங்குற்றம். ஆயினும், வேடிக்கை பார்க்க விரும்பிக் கல்லெறிபவனும் வேட்டைக்காரனுக்கு உதவியே செய்கின்றான் என்பது அம்முதியவரின் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகின்றது.

மற்றோர் இடரும் உண்டு. புல்வெளியில் சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்டால், நிழல் பெருகும் என்று நாம் மகிழலாம், இரலை மகிழாது. எதிரே நோக்க முடியாத இடத்தில் அது கண்ணிருந்தும் இல்லாததாகிவிடும். சென்னைக் கிண்டிக் காட்டில் திறந்த புல்வெளி மரஞ்செடிகளால் மூடப்பட மூடப்பட வெளிமான் குறைந்தது. கோடிக்கரையிலும் சீமைக்கருவேலம் அவ்விலங்கின் மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கியது. வெளிமான் என்னும் பெயரிலேயே வெளி என்னும் சொல் அமைந்திருப்பதனை மாணவர்கள் நோக்குக.

மாலை ஐந்து மணியளவில் தொலைவிலிருந்த பாறை மறைவில் அமர்ந்தோம். உடைமரத்தின் கீழ்க் கருமையாகத் தெரிந்தது நிழல் என்றே நினைத்திருந்தேன். அந்நிழல் எழுந்து நின்றது. முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. தலையை உயர்த்தி நாற்புறமும் நோக்கியது. தன் குவியலருகே சென்று சிறிது நின்றது. பின்னர்ச் சாலைப் பக்கத்துப் புல்வெளியை நோக்கி மெல்ல நடந்தது. துறைமுகத்திலிருந்து வந்த சரக்கு லாரிகளின் ஒலி அங்கு வரையிலும் கேட்டது. முதியவர் எழுந்து, என்னை அங்கேயே இருக்குமாறு கையமர்த்திவிட்டு, நெடுந்தொலைவு சுற்றிச் சென்று சாலையோரத்தில் நின்றுகொண்டார். இரலை அவரைக் கண்டது, சற்றே தயங்கியது, திரும்பி மலையடிப் புல்வெளியில் மேயத் தொடங்கியது.