உலோசும் மாமன் சீரும்

மேடான், திங்கள்

கம்போங் மெட்ராஸ் பகுதியில் தங்கல். 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் இங்கேதான். சுமத்ராவின் தோட்டங்களில் உழைக்க டச்சுக்காரர் காலத்தில் வந்த நம் சனங்கள் வைத்த சாமி. ஆனால் தமிழ் இந்தத் தீவுக்கு வந்தது அதற்கும் வெகுமுன்பே. மேற்குக் கரையில் பாருசில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகர்கள் 1088இல் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். மலைநாட்டுக் காரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, மெலியாலா என்று உட்பிரிவுகள் உண்டு. கேட்டதும் புல்லரித்தது, மறைப்பானேன்.

புக்கிட் லாவாங், புதன்

லெயுசர் காடு. அட்டைக்கடி, வழுக்கல். கடைசியில் தலைக்கு மேலே ஓர் ஓராங் உத்தான் தாய், முதுகில் குட்டி. கிளைகளை வளைத்து மடக்கி, இலை பரப்பிக் கூடு கட்டியது. தினமும் புதுக் கூடாம். ஏழெட்டு வருஷம் குட்டியைக் கூடவே வைத்திருக்குமாம். படம் எடுத்தவர்கள் போட்ட கூச்சல்தான் தாங்கவில்லை.

சமோசிர், வெள்ளி

தோபா ஏரிக்கு நடுவில் இந்தச் சமோசிர். சுமார் 74,000 வருஷத்துக்கு முன் இங்கே வெடித்த எரிமலையின் சாம்பல் நம் ஆந்திரா வரை வந்து படிந்திருக்கிறது. அதைப் பற்றி யோசிக்கத்தான் நினைத்தேன். ஒரு தறி பிடித்துக்கொண்டது.

வீட்டுத் திண்ணையில் ஒரு பத்தாக் இனத்து அம்மாள் உலோஸ் என்னும் துணி நெய்துகொண்டிருந்தார். குழியும் இல்லை, மிதியும் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பாவை முதுகில் கட்டிய வாரால் இழுத்துப் பிடிக்கிறார். சாய்ந்தால் பாவு இறுகுகிறது, நிமிர்ந்தால் தளர்கிறது. வாள் போன்ற மரச்சட்டத்தால் ஊடையைத் தட்டுகிறார். ஆரணிப் பக்கத்துச் சேத்துப்பட்டில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் மரம் செய்கிற வேலையை இங்கே இடுப்பெலும்பு செய்கிறது. சாயங்காலம் அந்த முதுகு என்ன வலி வலிக்கும் என்பது நெய்கிறவனுக்குத்தான் தெரியும்.

விடுதித் தம்பி மொழிபெயர்க்கப் பேசினோம். உலோஸ் கடையில் வாங்கிக் கட்டிக்கொள்கிற துணி மட்டுமில்லை. கல்யாணத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போர்த்த வேண்டும். திசை மாறக் கூடாது. தாய்மாமனுக்கு அங்கே 'துலாங்' என்று பேர், சபையில் தனி மரியாதை. மாமன் மகளைக் கட்டுவதுதான் முறை. அடேயப்பா, ஆரணிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வீடுகளில் கேட்ட பேச்சேதான்!

காப்பி வந்தது. கண்ணாடித் தம்ளரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, வண்டல் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். டச்சுக்காரர்கள் 1699இல் மலபாரிலிருந்து ஜாவாவுக்குக் கொண்டுபோன நாற்றுதான் இந்த நாட்டுக் காப்பிக்கு ஆரம்பம். ஓயாத மழையில் கொட்டை நன்றாகக் காயாது என்று ஈரமாக இருக்கும்போதே தோல் நீக்கிவிடுகிறார்கள். சுமத்ராக் காப்பியின் மண் மணத்துக்கு அதுவும் ஒரு காரணம். பாலில்லாமல் எனக்கு இறங்கவில்லை.

தங்கச்சி மகளுக்குத் தையில் மஞ்சள் நீராட்டு. மாமன் சீர்த்தட்டில் ஆரணிப் பட்டோடு வைக்க ஓர் உலோஸ் கேட்டேன். யாருக்கு என்று விசாரித்துவிட்டுத்தான் அந்த அம்மாள் எடுத்துக் காட்டினார். நெய்கிறவன் நெய்கிறவளிடம் பேரம் பேசலாமா? பேசினேன். அவரும் ஒரு ரூபாய் இறங்கவில்லை.