கப்பலேறும் முன்

கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் ஒருவர், நாள்தோறும் கப்பல்களைப் பார்க்கிறார். உலகின் பல நாடுகளிலிருந்து வரும் சரக்குப் பெட்டிகளை இறக்குவதும் ஏற்றுவதும் அவருடைய வேலை. இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தும், அவர் ஒரு கப்பலில்கூடப் பயணம் செய்ததில்லை. அவருடைய தாயாரோ கப்பலில் வந்து இதே துறைமுகத்தில் இறங்கியவர். 1952-ஆம் ஆண்டு, ஆறு வயதுச் சிறுமியாக நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறினார். பினாங்கைத் தொட்டுவிட்டுக் கப்பல் இங்கு வந்து சேர்ந்தது.

ஒரு நாள் இரவு உணவின்போது, தொலைக்காட்சியில் சொகுசுக் கப்பல் விளம்பரம் ஒன்று ஓடியது. கிள்ளான் துறைமுகத்தில் புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு நாள் பயணம் அது. பாட்டி கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“அந்தக் கடலை இன்னொரு தடவை கப்பலில் இருந்து பார்க்கணும் போல இருக்கு,” என்றார். உடனே தலையை அசைத்துக்கொண்டார். “சும்மா சொன்னேன். இந்த முட்டி வலியோடு நான் வந்தால் உங்களுக்குத்தான் சிரமம்.”

“அடுத்த மாதமே போகலாம், அம்மா!” என்றார் மகன் உற்சாகமாக.

மருமகள் மெல்லச் சிரித்தார். “ஆழம் தெரியாமல் காலை விடலாமா? அத்தைக்கு ஏற்ற மாதிரி எல்லாம் அமைந்தால்தான் இந்தப் பயணம்.”

படிவம் நான்கில் பயிலும் பேத்தி, அன்றிரவே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்தில் அவள் விலையையோ தேதியையோ எழுதவில்லை. “யார் யார் போகிறோம்? யாருக்கு எது முடியாது?” என்று எழுதினாள். பாட்டியின் பெயருக்கு நேராக மூன்று குறிப்புகள் வந்தன: முட்டி வலி, நீரிழிவு, சைவ உணவு. பயணத் திட்டம் முழுவதும் அந்த மூன்று வரிகளிலிருந்தே வளர்ந்தது.

கடல் பயணத்துக்கு ஆயத்தமாவது இந்தத் துறைமுகத்துக்குப் புதிதன்று. 1901-ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, இதற்கு ஆங்கிலேய அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ என்று பெயர். 1972-ஆம் ஆண்டில்தான் அது கிள்ளான் துறைமுகம் ஆனது. தமிழ்நாட்டிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் இம்மண்ணில் முதலில் கால் வைத்த இடங்களுள் இதுவும் ஒன்று. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பயணிகளைச் சுமந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மேல்தளத்திலும் கீழ்த்தளங்களிலும் பாய் விரித்துப் படுத்த ஏழைப் பயணிகள்.

“எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது,” என்று பாட்டி பேத்தியிடம் சொன்னார். “ஆனால் தகரப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று தினமும் விரல் விட்டு எண்ணுவார். அரிசி, அவல், ஊறுகாய், இரண்டு போர்வை, வாந்திக்கு எலுமிச்சம்பழம். கப்பலேறிய பிறகு ‘ஐயோ, மறந்துவிட்டேனே’ என்று சொல்லிப் பயனில்லை. நடுக்கடலில் கடை ஏது?”

பேத்தி அதைக் கேட்டுக்கொண்டே தன் நோட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

முதலில் காலம் முடிவாயிற்று. ஆண்டின் இறுதியில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலையும் தீபகற்பத்தின் கிழக்குக் கரையையும் கொந்தளிக்கச் செய்யும். மலாக்கா நீரிணையோ ஒருபுறம் தீபகற்பமும் மறுபுறம் சுமத்திராவும் அரண்போல் நிற்பதால், பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆயினும் அங்கும் திடீர்க் காற்றும் மழையும் உண்டு. பள்ளி விடுமுறை, அப்பாவின் பணிமுறை, பாட்டியின் மருத்துவச் சந்திப்பு ஆகிய மூன்றும் மோதாத ஒரு வாரம் வேண்டும். அப்படியொரு வாரம் அடுத்த ஆண்டில்தான் கிடைத்தது. அப்பாவுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஆனால் பணத்தைச் சேர்க்கப் பன்னிரண்டு மாதங்கள் கிடைத்தன.

அடுத்தது கணக்கு. விளம்பரத்தில் காட்டும் விலை, பயணத்தின் முழு விலை அன்று. அது பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு தலைக்கு இவ்வளவு என்று கூறப்படும் விலை. துறைமுகக் கட்டணம், கப்பல் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம், காப்புறுதி, கரையில் ஆகும் போக்குவரத்துச் செலவு ஆகியவை தனித்தனியே சேரும். ஐந்து பேருக்கு விளம்பர விலைப்படி 4,000 ரிங்கிட் என்று அப்பா எண்ணியிருந்தார். பேத்தி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது 6,000 ரிங்கிட் ஆயிற்று. அதைப் பன்னிரண்டால் வகுத்தாள். மாதம் 500 ரிங்கிட். வெளியில் சாப்பிடுவதைக் குறைத்தும், அப்பாவின் கூடுதல் நேரச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கியும் அதைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். கடன் வாங்குவதில்லை என்பதை அம்மா அடிக்கோடிட்டு எழுதச் சொன்னார்.

மூன்றாவது, கடப்பிதழ். கப்பல் கிள்ளானில் புறப்பட்டுக் கிள்ளானுக்கே திரும்பினாலும், இடையில் தாய்லாந்தைத் தொடுகிறது. எனவே அனைவருக்கும் கடப்பிதழ் தேவை. பயணம் முடிந்த பின்னும் அது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பாட்டியின் கடப்பிதழை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். பயணத்துக்குப் பிறகு நான்கே மாதங்களில் அது காலாவதியாகும்! கடைசி வாரத்தில் பார்த்திருந்தால் பாட்டி கரையில் நின்று கையசைத்திருப்பார். அப்பா ஒரு நாள் விடுப்பு எடுத்து, அவரைக் குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று புதுப்பித்தார். பயணச் சீட்டில் பெயரைப் பதிவு செய்யும்போதும், கடப்பிதழில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தார்கள்.

நான்காவது, அறை. இங்கேதான் கருத்து வேறுபாடு எழுந்தது. சன்னல் இல்லாத உட்புற அறைகள் விலை குறைவு. “தூங்குவதற்குத்தானே அறை? இரண்டும் உட்புற அறையாகவே இருக்கட்டும்,” என்றார் அப்பா.

“பாட்டி எதற்காகப் போகிறார் என்பதை மறந்துவிட்டீர்களா, அப்பா?” என்று கேட்டாள் மகள். “முட்டி வலிக்கிற நேரத்தில் மேல்தளத்துக்கு ஏறாமலே பாட்டி கடலைப் பார்க்க வேண்டாமா?”

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பாட்டிக்கும் அம்மாவுக்கும் பேத்திக்கும் சன்னல் அறை, தமக்கும் மகனுக்கும் உட்புற அறை என்று முடிவு செய்தார். கப்பலின் முன்முனையும் பின்முனையும் அலையில் மிகுதியாக ஏறி இறங்கும். நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு. எனவே நடுப்பகுதியில், மின்தூக்கிக்கு அருகில் அறை கேட்டார்கள். குளியலறையில் கைப்பிடி உண்டா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சைவ உணவு வேண்டும் என்பதை முன்பதிவின்போதே தெரிவித்தார்கள்.

ஐந்தாவது, கரையில் இறங்கும் திட்டம். பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறைமேடையை ஒட்டி நிற்கும். அங்கிருந்து ஜார்ஜ் டவுன் நகரின் பழைய தெருக்கள் மிக அருகில் உள்ளன. 1833-ஆம் ஆண்டு முதல் விளங்கும் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்குக் காரில் சில நிமிடங்களில் சென்றுவிடலாம். ஆனால் புக்கெட்டில் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகில் கரைக்கு அனுப்பக்கூடும். ஆடும் படகில் காலை எடுத்து வைப்பது பாட்டிக்கு ஆபத்து. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எல்லாரும் தயங்கினார்கள்.

பாட்டியே கேட்டறிந்து, “அதற்கென்ன? பினாங்கில் நான் இறங்குகிறேன். புக்கெட்டில் நீங்கள் இறங்குங்கள். நான் சன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன்,” என்றார். “சின்ன வயதில் பினாங்கைக் கப்பலில் இருந்து பார்த்ததோடு சரி. கூட்டத்தில் தொலைந்துவிடுவேன் என்று அம்மா இறங்க விடவில்லை.” அம்மா தாமும் அவருடன் கப்பலிலேயே இருப்பதாகக் கூறினார். கரையில் இறங்குவோர், கப்பல் கடிகாரத்தின்படி குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே திரும்ப வேண்டும் என்று நோட்டில் எழுதப்பட்டது. தாமதித்தவர்களுக்காகக் கப்பல் காத்திராது.

பயணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது, பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகளோடு கடல்மயக்க மாத்திரை ஒத்துப்போகுமா என்று கேட்டறிந்தார்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றையும் பெற்றுக்கொண்டார்கள். முனையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். எனவே மருந்துகள், கடப்பிதழ், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருக்க வேண்டும் என்பது ஆறாவது குறிப்பு. அத்துடன், நடுக்கடலில் கைப்பேசி துணைக்கோள இணைப்புக்கு மாறினால் கட்டணம் மிகுதியாகும். ஆகவே விமானப் பயன்முறையில் வைக்க வேண்டும் என்றும் எழுதினாள்.

பெட்டி அடுக்கும் நாளில் பாட்டி தம் சிறிய காமாட்சி விளக்கையும் ஊதுபத்தியையும் எடுத்து வைத்தார். கப்பலில் வெள்ளிக்கிழமை வருகிறதே! பேத்தி விதிமுறைத் தாளைப் படித்துக் காட்டினாள். மெழுகுவத்தி, ஊதுபத்தி, துணி தேய்க்கும் பெட்டி எவையும் கப்பலில் அனுமதி இல்லை. பாட்டி கோபித்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். பாட்டியோ அவற்றை எடுத்து மீண்டும் பூசையறையில் வைத்தார்.

“சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது,” என்றார். ரஜூலாவுக்குப் பின் இதே கடல்வழியில் ஓடிய அந்தக் கப்பலில், 1985 பிப்ரவரியில் தீ விபத்து நேர்ந்து பலர் உயிரிழந்தனர். அத்துடன் அதன் பயணிகள் சேவையும் முடிவுக்கு வந்தது. “சாமிக்கு மனசு போதும். கப்பலுக்கு ஜாக்கிரதை வேண்டும்.” பேத்தி ஜாலான் தெங்கு கிளானாவில் மின்கலத்தால் எரியும் சிறு விளக்கு ஒன்றை வாங்கி வந்தாள்.

கடைசியாக எஞ்சியது, துறைமுகத்துக்குச் செல்லும் வழி. “கொமுட்டர் ரயிலில் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம்தானே? அங்கேயே இறங்கலாம்,” என்றான் தம்பி. அப்பா சிரித்தார். அந்த நிலையத்துக்கு அருகில் இருப்பது பூலாவ் கெத்தாம் செல்லும் படகுத்துறை. பயணக் கப்பல் முனையமோ பூலாவ் இண்டாவில் உள்ளது. பெட்டிகளோடு தவறான இடத்தில் இறங்கினால், அங்கிருந்து வாடகைக் காரில் சுற்றிச் செல்ல வேண்டியிருக்கும். எனவே வீட்டிலிருந்தே கார் ஏற்பாடு செய்தார்கள். முனையத்தின் கதவு கப்பல் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே மூடப்படும் என்பதால், காலையிலேயே கிளம்பினார்கள்.

கப்பலில் ஏறிய பின், கப்பல் புறப்படுவதற்கு முன்பாகவே, அவசரகாலப் பயிற்சிக்கு அழைத்தார்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அனைவரும் தத்தம் கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான அனைத்துலக விதிகள் வகுக்கப்பட்டன. அவை காலந்தோறும் திருத்தப்பட்டு வருகின்றன. சிலர் சலிப்போடு நின்றார்கள். பாட்டி மட்டும் ஊழியர் காட்டியதைக் கூர்ந்து கவனித்தார். பிறகு பேத்தியிடம், “நம் அறையிலிருந்து இந்த இடத்துக்கு மின்தூக்கி இல்லாமல் வர எத்தனை படி?” என்று கேட்டார். அவசர நேரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. அந்த ஒரு கேள்வி நோட்டில் இல்லை. இருவரும் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக நடந்து, படிகளை எண்ணிப் பார்த்தார்கள். படியேறச் சிரமப்படுவோருக்கு உதவும் ஊழியர் யார் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

திட்டமிட்டவை எல்லாம் அப்படியே நடக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. காற்று மாறினால் மாலுமி பாதையை மாற்றுவார். ஒரு துறைமுகம் விடுபடவும் கூடும். ஆனால் உடன் வருபவரின் வலியையும் விருப்பத்தையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்த குடும்பத்துக்கு, அந்த மாற்றத்தைத் தாங்கும் வலு இருக்கும்.

மாலையில் கப்பல் கரையை விட்டு மெல்ல விலகியது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. அப்பா அவற்றைக் கடலிலிருந்து பார்ப்பது அதுவே முதல் முறை. அவர் கைநீட்டித் தாம் வேலை செய்யும் இடத்தைக் காட்டினார். பாட்டி சன்னலோரம் அமர்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைத் திறந்து, மருந்து, கண்ணாடி, கடப்பிதழ் என்று ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.