எண்ணூர் முதல் இராயபுரம் வரை

வார இறுதி ஓய்வுக்கு உரியது என்பது நகரத்தார் எண்ணம். ஆனால் மற்றவர் ஓய்ந்திருக்கும் அந்த இரு நாட்களில்தான் சில குடும்பங்களுக்கு வேலை மிகுதி. அவர்களைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வடசென்னையின் கடலோரக் குப்பங்களுக்குச் சென்றாலே போதும்.

ஒரு சனிக்கிழமை காலை, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி மின்தொடரில் ஏறினோம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் எனத் தொழிற்பகுதிகளைக் கடந்து எண்ணூரில் இறங்கினோம். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம் இது. ஒருபுறம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மறுபுறம் வலைகள் உலரும் கரை. இரண்டுக்கும் நடுவே ஆறு.

எமக்கு அறிமுகமான மீனவக் குடும்பம் ஒன்று அங்கே எம்மை அன்புடன் வரவேற்றது. வீட்டில் சும்மா இருந்தவர் எவருமில்லை. தாத்தா ஊசியும் நூலுமாய் வலையின் கிழிசலை அடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் இறாலைச் சிறிது, பெரிது எனப் பிரித்துக் கூடையில் இட்டார். பள்ளி விடுமுறையாதலால் பேரப்பிள்ளைகளுக்கும் நெத்திலி உலர்த்தும் வேலை இருந்தது. எம் பிள்ளைகளும் சற்று நேரத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டனர்.

இளைய மகன் வார நாட்களில் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக் கூலி. சனி, ஞாயிறு மட்டுமே தந்தையோடு ஆற்றில் வலை வீசுகிறார். காரணம் கேட்டோம். “ஆத்துல பாடு இருந்தா அவன் ஏங்க வெளியில போறான்?” என்றார் தாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கசிவு வந்து இக்கழிமுகத்தில் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. பல நாட்கள் தொழில் நின்றது. அதற்கு முன்பே சுடுநீரும் சாம்பலும் ஆற்றின் வளத்தைக் குறைத்துவிட்டன. நம் இல்லங்களில் எரியும் விளக்கிற்கு இந்த ஆறும் ஒரு விலை கொடுத்திருக்கிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

மறுநாள் ஞாயிறு. பொழுது விடியுமுன்னரே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை அடைந்தோம். ஆழ்கடல் சென்ற விசைப்படகுகள் ஞாயிற்றுச் சந்தையை எண்ணி முன்னிரவிலேயே கரை சேர்ந்திருந்தன. வஞ்சிரமும் சங்கராவும் நண்டும் ஏலக் குரல்களுக்கிடையே கைமாறின. ஏலத்தில் எடுத்ததைப் பெண்கள் கூறு கட்டி விற்றனர். மீன் வெட்டித் தருவோரின் கை ஓயவில்லை. நகரமெங்கும் ஞாயிறு மதியம் மணக்கும் குழம்பு, இவர்களுடைய உறக்கமற்ற இரவிலிருந்தே தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருகுவதற்கான 61 நாள் தடைக்காலத்தில் இவ்விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். அவற்றை நம்பிய இல்லங்களில் கையிருப்பும் கரையும்.

அங்கிருந்து இராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்திற்குக் காலைத் திருப்பலிக்குச் சென்றோம். சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்குகளையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைக் கடந்து கரைசேர்த்தவர்கள் படகோட்டிகள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாலயத்தை எழுப்பியது அவர்களுடைய சமூகமே. வலை வீசிய இராயப்பரின் பெயராலேயே ஊருக்கும் இராயபுரம் எனப் பெயர் வந்தது என்பர்.

இல்லம் திரும்பும் வழியில் மூத்த மகள், “இனி மீன்காரம்மாவிடம் விலை குறைத்துக் கேட்காதீர்கள், அம்மா” என்றாள். அடுத்த விடுமுறையில் நீங்களும் பிள்ளைகளோடு ஒருமுறை சென்று வாருங்கள். எண்ணூருக்குச் செல்ல ரயில் உண்டு. காசிமேட்டுக்கு மட்டும் விடியுமுன் எழவேண்டும்.