வெயில் இலவசம், வட்டி இலவசமில்லை

தக்கலையில் ஒரு மெகா சோலார் பிளான்ட் வைத்தால் என்ன? வைக்கலாம், எங்கே வைப்பது? ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர் வேண்டும். பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை வளாகமே சுமார் 6 ஏக்கர்தான். அதை முழுக்க பேனலால் மூடினாலும் ஒன்றரை மெகாவாட் தேறும் (தொல்லியல் துறைக்காரர்கள் அடிக்க வருவார்கள், அது வேறு விஷயம் :-)). ரப்பரும் தென்னையும் வாழையும் நிற்கிற, இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் நிலத்தின் விலையிலேயே திட்டம் படுத்துவிடும்.

அதனால்தான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி. கருவேலம் மண்டிய வறண்ட பூமி. அதானி குழுமம் அங்கே 2016-ல் 648 மெகாவாட் நிலையத்தை முடித்தது. 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள், செலவு சுமார் 4,550 கோடி ரூபாய். மின்வாரியத்தோடு 2015-ல் போட்ட ஒப்பந்தத்தில் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு.

இந்த அளவில் ஒரு நிலையத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரி, மேகம், தூசி எல்லாம் கழித்து முழுத் திறனில் 20 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 113 கோடி யூனிட். அதாவது 790 கோடி ரூபாய் வரவு. செலவில் 70 சதவீதம் 10 சதவீத வட்டிக்குக் கடன் என்றால், முதல் வருட வட்டி மட்டும் 318 கோடி! அனல் மின்நிலையம் வருடாவருடம் நிலக்கரி வாங்குகிறது. சோலாரில் எல்லாச் செலவும் முதல் நாளே முடிந்துவிடுகிறது, அதற்கு நிலக்கரியே இந்த வட்டிதான். வெயில் குறைந்த ஜெர்மனியில் கடன் மலிவு. வெயில் கொளுத்துகிற நம் போன்ற நாடுகளில் கடன் விலை அதிகம். என்ன கொடுமை பாருங்கள்...

அதோடு முடியவில்லை. மின்வாரியம் ஆறு மாதம் பணம் தராவிட்டால் கிட்டத்தட்ட 400 கோடி முடங்கும். வங்கி அதுவரை காத்திருக்காது. தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்களுக்கு இந்தத் தாமதம் நன்றாகவே பழக்கம். ஆனால் முப்பந்தலில் காற்றாலை வைத்தவர்களில் பலர் ஸ்பின்னிங் மில் முதலாளிகள். கரண்டைச் சொந்த மில்லுக்கு எடுத்துக்கொள்ளலாம், தேய்மானம் காட்டி வருமான வரியும் மிச்சம் பிடிக்கலாம். வாரியத்துக்கு மட்டுமே விற்கிற சோலார் நிலையத்துக்கு அந்த வசதி கிடையாது.

மத்தியப் பிரதேசம் ரேவாவில் 750 மெகாவாட்டுக்கு வேறு வழி பார்த்தார்கள். உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. ஆலோசனை சொன்னது. பணம் தாமதமானால் எடுத்துக் கொடுக்கத் தனி நிதி, அதற்கும் பின்னால் மாநில அரசின் உத்தரவாதம். வாங்குவோரில் டெல்லி மெட்ரோவும் உண்டு. 2017 ஏலத்தில் முதல் வருட விலை 2 ரூபாய் 97 காசுக்கு இறங்கியது. பேனல் விலையும் அதற்குள் நன்றாகக் குறைந்திருந்ததால் முழுப் பெருமையையும் உத்தரவாதத்துக்கே கொடுத்துவிட முடியாது. தவிர, அந்த உத்தரவாதம் சும்மா வருவதில்லை. வாரியம் கை விரித்தால் மாநிலக் கஜானாதான் கட்ட வேண்டும்.